மாமாவின் மீன்தொட்டியும் ஒரு அனாமத்துக் கணக்கும்



செமஸ்டர் ஒருவழியாக முடிந்துவிட்டது. காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பர் எப்படி எழுதினாய் என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம் :-) இந்த முறை படிப்புக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத விஷயம். கடல்நீர் மீன்தொட்டியில் கல்லிலும் மணலிலும் சேர்கிற கசடை மனிதர்கள் எப்படியெல்லாம் அகற்றப் பார்த்தார்கள் என்கிற வரலாறு. "இதுக்கெல்லாமா வரலாறு?" என்று கேட்பவர்கள் முதலில் என் பாவக்கதையைக் கேளுங்கள்.

மாமா வீட்டு ஹாலில் நான்கடி நீளத்துக்கு ஒரு கடல்நீர்த் தொட்டி இருந்தது. உள்ளே கோமாளி மீன் இரண்டு ('நீமோ' படத்தில் வருமே, அதுதான்), இன்னும் மூன்று மீன்கள். மூன்று வருடம் நன்றாகத்தான் இருந்தது. போன லீவில் நான் போனபோது மணலெல்லாம் பழுப்பாக, கல்லெல்லாம் பாசியும் தூசியுமாகக் கிடந்தது. "மாமா, நான் சுத்தம் பண்ணித் தரேன்" என்று சட்டையை மடித்துவிட்டு இறங்கினேன். மீன்களை வாளிக்கு மாற்றி, கல்லையெல்லாம் எடுத்துக் குழாய்த் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, மணலை அரிசி களைவதுபோல ஏழெட்டுத் தடவை அலசி, எல்லாவற்றையும் திரும்ப வைத்துப் புது உப்புநீர் ஊற்றினேன். தொட்டி பளபளவென்று மின்னியது. அத்தை கூடப் பாராட்டினார்.

ஐந்தாம் நாள் காலையில் எல்லா மீனும் மிதந்தன.

மாமா ஒரு வார்த்தை திட்டவில்லை. "உப்பு சரியில்ல போலிருக்கு" என்று உப்பு விற்ற கடைக்காரர் மேல் பழியைப் போட்டார். எனக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அழுக்கை எடுத்தால் எப்படி உயிர் போகும்? அதைத் தேடிப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கதை.

ஜன்னலோரம் ஒரு பணிப்பெண்

1846-ல் அன்னா தின் என்ற ஆங்கிலப் பெண்மணி டார்க்கி கடற்கரையிலிருந்து உயிருள்ள பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். கடல் பக்கத்தில் இல்லை. அதனால் தண்ணீர் கெடாமலிருக்க அவர் வீட்டுப் பணிப்பெண் ஒருவர் தினமும் அரைமணி முதல் முக்கால்மணி நேரம் வரை ஜன்னலோரம் நின்று, கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றினார். நம்ம ஊர் டீ மாஸ்டர் ஆற்றுவது போலத்தான். அடுத்த ஆண்டு தின் தொட்டியில் கடல்பாசியையும் சேர்த்தார். பவளங்கள் உயிரோடு இருந்தன. காற்று வேண்டும், பாசி வேண்டும் என்பது புரிந்தது. அந்தப் பணிப்பெண்ணின் பெயர்தான் நம் கைக்கு வரவில்லை. உலகின் முதல் 'ஏர் மோட்டார்' அவர்தான் என்பேன்.

அப்பா வாரிங்டன்

அடுத்தவர் ராபர்ட் வாரிங்டன் என்ற லண்டன் வேதியியலாளர். 1849-ல் ஒரு கண்ணாடித் தொட்டியில் மணல், கல், நீர்ச்செடி, இரண்டு தங்கமீன்கள் வைத்தார். செடி ஆக்சிஜன் தரும், மீன் கரியமில வாயு தரும், கணக்கு நேர் என்று நினைத்தார். ஆனால் செடியின் பழைய இலைகள் அழுகி, வழுவழுப்பான கசடு சேர்ந்து தண்ணீர் கலங்கியது. உடனே குளத்து நத்தைகள் சிலவற்றை விட்டார். அவை அழுகிய இலைகளைத் தின்றன. நத்தை இட்ட முட்டைகள் மீனுக்கு உணவாயின. 1850-ல் இதை வேதியியல் சங்கத்தின் இதழில் எழுதினார். சில ஆண்டுகளில் கடல்நீரிலும் இதையே முயன்றார்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது உடனே புரியும். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு இருக்க வேண்டும். வாரிங்டன் செய்தது இரட்டைப் பதிவு முறைதான்!

1853-ல் லண்டன் ரீஜென்ட்ஸ் பார்க் மிருகக்காட்சி சாலையில் மக்கள் பார்க்க மீன்காட்சியகம் திறந்தார்கள். 1854-ல் ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் 'அக்வேரியம்' என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. பைத்தியம் பிடித்ததுபோல எல்லோரும் தொட்டி வாங்கினார்கள், கடற்கரைப் பாறைகளைச் சூறையாடினார்கள். பெரும்பாலான தொட்டிகள் நாறிப்போயின. நத்தையாலும் முடியாத ஒரு கசடு இருந்ததுதான் காரணம். அது கண்ணுக்குத் தெரியாத கசடு.

இருட்டுக்குள் போன தண்ணீர்

மீன்தொட்டிக் கடை வைத்திருந்த வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்ட் வேறு வழி கண்டார். 1871-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் அவர் அமைத்த காட்சியகத்தில், காட்சித் தொட்டிகளை விடப் பெரிய நீர்த்தேக்கம் தரைக்கு அடியில் இருட்டில் இருந்தது. பம்பு அந்த நீரை இரவும் பகலும் மேலே ஏற்றிச் சுற்ற வைத்தது. நீரை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கவில்லை, ஓட வைத்தாலே போதும். 1874-ல் திறந்த நேப்பிள்ஸ் காட்சியகத்துக்கும் லாய்ட் ஆலோசனை சொன்னார். ஏன் வேலை செய்கிறது என்று முழுதாகத் தெரியாமலே வேலை செய்த முறை அது.

மகன் வாரிங்டன்

இங்கேதான் எனக்குப் பிடித்த திருப்பம் வருகிறது. 1877-ல் பாரிஸில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் மணலும் சுண்ணாம்புக்கல் தூளும் நிரப்பிய குழாயில் சாக்கடை நீரை மெதுவாக இறங்க விட்டார்கள். முதல் இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அம்மோனியா மறைந்து நைட்ரேட் வரத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், உடனே நின்றுவிட்டது. தோட்டத்து மண்ணைக் கரைத்த நீரை ஊற்றினார்கள், மறுபடி தொடங்கியது. அப்படியானால் வேலை செய்வது மணல் அல்ல, மணலில் ஒட்டியிருக்கும் உயிர்!

இதை இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் திரும்பச் செய்து உறுதிப்படுத்தியவர், இது இரண்டு படிகளில் இரண்டு வெவ்வேறு உயிரிகளால் நடக்கிறது என்று காட்டியவர் யார் தெரியுமா? இன்னொரு ராபர்ட் வாரிங்டன். நம் தங்கமீன் வாரிங்டனின் மகன்! முதல் கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், அடுத்த கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முன்னிரண்டும் மீனுக்கு விஷம், மூன்றாவது அவ்வளவு மோசமில்லை. அந்த உயிரிகளைத் தனியே பிரித்தெடுக்க மகன் வருடக்கணக்கில் போராடினார். 1890-ல் வினோக்ராட்ஸ்கி முந்திக்கொண்டார்.

அப்பா 1867-லேயே இறந்துவிட்டார். அவருடைய தொட்டி மணலில் நடந்த வேலையின் ரகசியம் மகன் கைக்குத்தான் வந்தது. ஆனால் மகன் கவலைப்பட்டது வயல் மண்ணைப் பற்றி. மீன் வளர்ப்பவர்கள் இதைத் தங்கள் தொட்டியோடு பொருத்திப் பார்க்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

இப்போது என் கதைக்கு வாருங்கள். நான் பிரஷ் போட்டுத் தேய்த்தது கசடை மட்டுமல்ல. மூன்று வருடமாக அம்மோனியாவைத் தின்றுகொண்டிருந்த மொத்தக் கூட்டத்தையும்தான். குழாய்த் தண்ணீரில் இருந்த குளோரின் என் கையில் இருந்த குளோரோஃபார்ம். பாவம், உப்புக் கடைக்காரர்.

அனாமத்துக் கணக்கு

அப்படியென்றால் சுத்தமே செய்யக் கூடாதா? அதுவும் தப்பு. 1950, 60-களில் பரவிய சரளைக்கல் வடிகட்டியைப் பாருங்கள். துளையிட்ட தட்டு, அதன்மேல் சரளை. காற்றுக்குமிழி மேலேறும்போது தண்ணீர் சரளை வழியாகக் கீழே இழுக்கப்படும். பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் கிடைக்கும், தண்ணீரும் பளிங்குபோல இருக்கும். ஆனால் கசடு முழுக்கத் தட்டுக்கு அடியில் தேங்கும், நைட்ரேட்டும் ஏறிக்கொண்டே போகும்.

இருப்பாய்வு நேராகவில்லை என்றால் நாம் என்ன செய்வோம்? வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டுத் தூங்கப் போவோம். பிழை அங்கேயேதான் இருக்கும். மணலுக்கு அடியில் போன கசடும் அப்படித்தான்.

1961-ல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் ஒரு அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் எழுதிய கட்டுரை பலரைத் திடுக்கிட வைத்தது. வடிகட்டியே கிடையாது. கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறைகள், கொஞ்சம் காற்றுக்குமிழி, அவ்வளவுதான். அந்தப் பாறையின் துளைகளில் வெளிப்பக்கம் ஆக்சிஜன் உண்டு, உள்ளே போகப் போகக் குறையும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வேறொரு பாக்டீரியாக் கூட்டம் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே விட்டுவிடும். கணக்கு முடிந்தது!

ஜெர்மானியர்கள் இதோடு நுரைபிரிக்கும் கருவியைச் சேர்த்தார்கள். கடற்கரையில் அலையடித்து நுரை சேர்வதுபோல, கழிவு அழுகுவதற்கு முன்பே நுரையோடு அள்ளி வெளியே எடுத்துவிடும். இதுதான் 'பெர்லின் முறை'. 1980-களில் மொனாக்கோவில் பேராசிரியர் ஜான் ஜோபெர் மணல்படுகைக்கு அடியில் ஒரு வெற்றிடம் விட்டு, மணலையே நைட்ரேட் தின்னும் படுகையாக்கினார். 1990-களில் நாலைந்து அங்குல ஆழ மணலும் அதைக் கிளறப் புழுக்களும் அமெரிக்காவில் பிரபலமாயின. பிறகு சில வருடம் கழித்துப் பழைய தொட்டிகள் திடீரெனச் சரிந்தன என்ற புகார்கள். நைட்ரஜன் வாயுவாகப் பறந்துவிடும், ஆனால் பாஸ்பேட்டுக்குச் சிறகில்லை. கையால் எடுத்தால்தான் போகும். மணலே வேண்டாம் என்று வெறும் கண்ணாடித் தளத்துக்கு மாறியவர்களும் உண்டு.

அதற்காக நம்ம ஊரில் கடலில் போய்ப் பாறை எடுக்கக் கிளம்பிவிடாதீர்கள். 2001-ல் பவளங்களும் கடல் அட்டைகளும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவின் அடியில் மணலை விழுங்கி, அதிலுள்ள கசடைச் செரித்து, சுத்த மணலாக வெளியே விடும் துப்புரவாளர்தான் கடல் அட்டை. அவர் அங்கேயே இருப்பதுதான் நமக்கு நல்லது. மாமா தொட்டியில் இருப்பவை சுட்ட களிமண் கற்கள். துளை இருந்தால் பாக்டீரியாவுக்குப் போதும்.

கடைசியாக ஒன்று. 2005-ல் விஞ்ஞானிகள் அம்மோனியாவை உண்ணும் ஒரு புதிய உயிரியைப் பிரித்தெடுத்தார்கள். அது பாக்டீரியாவே அல்ல, ஆர்க்கியா என்ற வேறு குலம். நைட்ரோசோபுமிலஸ் என்று பெயர் வைத்தார்கள். அதன் உறவுக்கூட்டம் உலகப் பெருங்கடல் முழுக்கக் கோடானுகோடியாக இருக்கிறது. அந்த உயிரி கிடைத்த இடம் எது தெரியுமா? அமெரிக்காவின் சியாட்டில் காட்சியகத்தில், ஒரு வெப்பமண்டலக் கடல்நீர்த் தொட்டியின் அடிக்கல்லில்! யாராவது என்னைப்போல ஆர்வக்கோளாறில் அதைத் தேய்த்துக் கழுவியிருந்தால்?

போன மாதம் மாமாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். சிரித்தார். "அப்ப நீயே வந்து மறுபடி ஆரம்பி" என்றார். ஆரம்பித்தோம். ஆறு வாரம் மீன் போடாமல், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை காத்திருந்தோம். இப்போது சுத்தம் செய்வது இப்படி: பெரிய சிரிஞ்சால் தொட்டி நீரையே கல்லின் பொந்துகளில் பீய்ச்சினால் தூசி பறக்கும், அதைக் குழாய் வைத்து உறிஞ்சிவிடுவோம். மணலில் ஒரு தடவைக்குக் கால்வாசி மட்டும், மேலாக. கல்லை அலசவேண்டுமென்றால் வெளியே எடுத்த பழைய கடல்நீரிலேயே முக்கி எடுப்போம். குழாயடிக்குக் கல் போவதே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு கோமாளி மீன்கள் வந்தாயிற்று. பயந்துகொண்டே தினமும் போன் செய்து கேட்கிறேன். இதுவரை நலம்.

தவறு இருந்தால் பின்னூட்டத்தில் தலையில் குட்டுங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம்!

பி.கு.: உப்புக் கடைக்காரரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு நாங்கள் குறை சொன்னதே தெரியாது :-)