விருந்து: புதுமையிலிருந்து இலை வரை

விருந்து என்றதும் இன்று நினைவுக்கு வருவது தலைவாழை இலையும் அதில் பரிமாறிய பதார்த்தங்களும். ஆனால் இச்சொல்லின் அடிப்படைப் பொருள் புதுமை. தொல்காப்பியச் செய்யுளியல் எண்வகை வனப்புகளைக் கூறும்போது, புதிதாகப் புனையும் செய்யுளுக்கு விருந்து என்றே பெயரிடுகிறது.

புதுமையைக் குறித்த சொல் புதிதாக வந்தவருக்கும் ஆயிற்று. இதை இலக்கணத்தார் பண்பாகுபெயர் என்பர். திருக்குறளில் விருந்து என்பது ஆள். இல்வாழ்வான் பேண வேண்டியவர்களை வரிசைப்படுத்தும் 43ஆம் குறள் விருந்தையும் ஒக்கலையும் தனித்தனியே வைக்கிறது. ஒக்கல் சுற்றத்தார், விருந்து வெளியிலிருந்து வருபவர். குறள் உரையாசிரியர் பரிமேலழகர் விருந்தினரை இரு வகையாக்கினார்: முன் அறிமுகத்தால் வீட்டைக் குறித்து வருபவர், அறிமுகமின்றி வந்து சேர்பவர். நெடுநாள் கழித்து வரும் நண்பர் முதல் வகையில் அடங்குவார். குறளின் 9ஆம் அதிகாரமான விருந்தோம்பலில் புறப்படுபவர் செல்விருந்து, இனி வருபவர் வருவிருந்து. ஓம்புதல் என்பது பேணிக் காத்தல். சோறிடுவது அதில் ஒரு பகுதியே.

அந்தப் பேணல் எத்தகையது என்பதை ஆற்றுப்படை நூல்கள் காட்டுகின்றன. சிறுபாணாற்றுப்படை, பரிசில் நாடிச் செல்லும் பாணனுக்கு வழியையும் ஊர்களையும் அங்கே கிடைக்கும் உணவையும் சேர்த்தே சொல்கிறது: எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் வெண்சோறும் நண்டுக் கலவையும். பொருநராற்றுப்படையில் கரிகாலன், விடைபெறும் பொருநன் பின்னே ஏழடி நடந்து வழியனுப்புகிறான்.

வந்தவருக்கு இடும் உணவு சிறப்புப் பெறப் பெற, ஆளின் பெயர் உணவுக்கு ஆகியது. மலையாளத்தில் விருந்நு, தெலுங்கில் விந்து ஆகியவையும் அறுசுவை உணவைக் குறிக்கின்றன. தமிழில் ஆளைத் தனியே சுட்ட எழுத்தில் விருந்தினர், பேச்சில் விருந்தாளி, சில வட்டாரங்களில் விருந்தாடி ஆகிய சொற்கள் வழங்குகின்றன. திருமணத்துக்குப் பின் புதுமணத் தம்பதியை உறவினர் அழைத்துச் சோறிடுவதும் விருந்தே. குறள் பிரித்து வைத்த ஒக்கலும் இவ்வாறு விருந்துக்குள் வந்துவிட்டது.

‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்னும் பழமொழியில் மட்டும் பழைய பொருள் தெளிவாக நிற்கிறது. அங்கே விருந்து உணவன்று, வந்து தங்குதல். மூன்று நாள் கடந்தால் வந்தவர் புதியவர் அல்லர், வீட்டில் ஒருவர்.