புத்தூர்: ஆசிரியர் நியமனமும் சாதியும்

புத்தூர் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் கிழக்கிலுள்ள ஊர். யார் படிக்கலாம், யார் படிப்பிக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்த நிலையும் அது தளர்ந்த விதமும் இதன் கல்வி வரலாற்றோடு சேர்ந்தவை.

பின்னணி

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குடாநாட்டுப் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை மிஷன்களும் சைவ அமைப்புகளும் அரச நன்கொடையுடன் நடத்தின. பணம் அரசினுடையது; ஆசிரியரைத் தெரிவுசெய்பவர் பாடசாலை மனேஜர். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட பல பாடசாலைகளிலும் மற்றவர்கள் வாங்கில் இருக்க, அவர்கள் நிலத்தில் இருத்தப்பட்டார்கள். 1920களின் இறுதியில் கல்வித் திணைக்களம் ‘சம ஆசனம்’ கோரியதும் எதிர்ப்பு மூண்டது; சில பாடசாலைகள் தீயிடப்பட்டன. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்தின் பக்கம் நின்றது. நிலத்தில் இருந்த பிள்ளைகளில் மிகச் சிலரே ஆசிரியர் பயிற்சிக்கு வேண்டிய வகுப்புவரை எட்டினர்.

நியமனம்

ஒடுக்கப்பட்ட சாதியினரின் அமைப்பாக 1940களில் உருவான சிறுபான்மைத் தமிழர் மகாசபை பாடசாலைகளையும் ஆசிரியர் நியமனங்களையும் சேர்த்தே கேட்டது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1950களில் பௌத்த அமைப்புகள் புத்தூர் உள்ளிட்ட சில இடங்களில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பாடசாலைகள் தொடங்கின. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்கள் நன்கொடை பெற்ற பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசின் கீழ்க் கொண்டுவந்தன. நியமனக் கடிதம் மனேஜரின் கையிலிருந்து திணைக்களத்துக்கு மாறியதால், ஒடுக்கப்பட்ட சாதியினரின் நியமனத்தை ஊர்ப் பெரியவர்கள் மறிக்கும் வலு குறைந்தது.

நிலைத்திருத்தல்

இன்று ஆசிரியர்களைப் பயிற்றும் கல்வியியற் கல்லூரிகளுக்கான தெரிவு சாதியையன்றி உயர்தரப் பெறுபேற்றின்படி நடைபெறுகிறது. யாழ்ப்பாணத்துக்கான தேசிய கல்வியியற் கல்லூரி அயலூரான கோப்பாயில் உள்ளது. ஆனால் நியமனம் பெற்ற ஆசிரியர்களைத் தக்கவைக்கும் சிக்கல் இடமாற்றத்தில் தெரிகிறது. குடாநாட்டிலிருந்து பெருநிலப்பரப்பிலுள்ள வன்னியின் கஷ்டப் பிரதேசங்களுக்கு அனுப்பப்படுவோர் வெளிமாவட்டச் சேவைக் காலம் முடிந்ததும் ஊருக்குத் திரும்ப விண்ணப்பிக்கின்றனர். அங்குள்ள வகுப்பு அடுத்த ஆசிரியருக்குக் காத்திருக்கிறது. அந்தந்தப் பிரதேசத்தவரையே பயிற்றி நியமிப்பது இதற்குச் சொல்லப்படும் பரிகாரம்.

அளவிடுதல்

தமிழ்நாட்டில் உள்ளது போன்ற சாதிவாரி இட ஒதுக்கீடு இலங்கை ஆசிரியர் நியமனத்தில் இல்லை. குடிசன மதிப்பீடும் இனத்தையும் மதத்தையும் கேட்கிறதேயன்றிச் சாதியைக் கேட்பதில்லை. அதனால், ஒருகாலத்தில் நிலத்தில் இருத்தப்பட்டோரின் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேர் இன்று கரும்பலகை முன் நிற்கின்றனர் என்பதற்கு அரசாங்கக் கணக்கு கிடையாது.