பஃபலோ நகரத்துப் பார்களும் 45 பெண்களின் சாட்சியமும்

நியூயார்க் நகரில் தன்பால் ஈர்ப்பாளர்கள் காவல்துறையை எதிர்த்து நின்ற ஸ்டோன்வால் கலவரத்தை வாசகர்கள் பலர் அறிவார்கள். ஆகவே அந்நகரை விட்டு, அதே மாநிலத்தின் மேற்குக் கோடியில் ஈரி ஏரிக்கரையில் இருக்கும் ஆலை நகரான பஃபலோவைப் பற்றிச் சொல்கிறேன்.

வாய்மொழி வரலாறு பயில வருவோரின் கையில் நான் முதலில் தருவது, எலிசபெத் கென்னடியும் மேடலின் டேவிஸும் எழுதி 1993இல் வெளிவந்த ‘பூட்ஸ் ஆஃப் லெதர், ஸ்லிப்பர்ஸ் ஆஃப் கோல்ட்’ என்ற நூலைத்தான். 1978இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் நடந்த பணி அது. பெரும்பாலும் உழைக்கும் வர்க்கத்தைச் சேர்ந்த 45 பெண்கள் அந்நூலில் பேசுகிறார்கள். காவல்துறைக் கோப்பில் குற்றவாளியாகவும் மருத்துவர் குறிப்பில் நோயாளியாகவும் மட்டுமே இடம்பெற்றிருந்த லெஸ்பியன் பெண்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்கிறார்கள். இத்துறையில் இதற்கு இணையாக நான் வேறொரு நூலைச் சொல்ல மாட்டேன்.

1940களில் போர்க்கால ஆலை வேலை பெண்களுக்குச் சொந்தச் சம்பளத்தைத் தந்தது. ரால்ஃப் மார்ட்டின்ஸ், வின்டர்ஸ் போன்ற பஃபலோ பார்களில் லெஸ்பியன் பெண்கள் வார இறுதிகளில் கூடினார்கள். மற்ற நாட்களில் அடங்கியே இருந்தார்கள். 1950களில் பிங்கோஸ், கரோசல் பார்களுக்கு வந்த தலைமுறை அப்படி இருக்கவில்லை. ஆண் உடையணிந்த ‘புட்ச்’ பெண்கள் வார நாட்களிலும் வந்தார்கள்; தெருவில் வம்புக்கு வந்தவர்களைத் திருப்பி அடித்தார்கள். அவர்களுடைய இணையர், பெண்மைத் தோற்றம் கொண்ட ‘ஃபெம்’ பெண்கள். கறுப்பினப் பெண்கள் நெடுங்காலம் வீட்டு விருந்துகளிலேயே கூடிவந்தார்கள். 1950களில்தான் அவர்களும் பார்களுக்கு வரத் தொடங்கினர். 1960களின் தொடக்கத்தில் அரசின் ஒழுக்க வேட்டையில் பார்கள் பல மூடப்பட்டன.

இந்தப் பார்களே தன்பால் ஈர்ப்பாளர் உரிமைக்கான அரசியல் இயக்கத்துக்கு முந்தைய எதிர்ப்புக் களங்கள் என்பது நூலாசிரியர்களின் முடிவு. நான் அதை முழுமனதோடு ஏற்கிறேன். இயக்கம் படித்தவர்களின் கூட்ட அறைகளில் பிறந்தது என்று எழுதுவோர், அடிவாங்கியும் மறுநாள் அதே மேசைக்குத் திரும்பிய ஆலைத் தொழிலாளிகளை மறைக்கிறார்கள். நம் இளைய ஆய்வாளர்களே, உங்கள் ஊர் மூத்த பெண்கள் உயிரோடிருக்கும்போதே அவர்கள் குரலைப் பதிவுசெய்யுங்கள்!

நூலாசிரியர்களில் ஒருவரான டேவிஸ் அந்தப் பார்களை நேரில் அறிந்தவர். 1970இல் பஃபலோவின் முதல் தன்பால் ஈர்ப்பாளர் உரிமை அமைப்பைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1972இல் ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாட்டில், தன்னை லெஸ்பியன் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்ட பிரதிநிதியாக மேடையேறிப் பேசினார். 2021இல் மறைந்தார். அவர் திரட்டிய ஆவணங்கள் அந்நகரின் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் அவர் பெயரிலேயே காக்கப்படுகின்றன.