வலிப்பும் குழப்படியும்

சியாகுல்லி என்றதும் பலெர்மோக்காரருக்கு இரண்டு விடயங்கள் ஞாபகம் வரும். ஒன்று, மார்ச் மாதம் வரை மரத்தில் நிற்கும் மண்டரின் தோடம்பழம். மற்றது, 1963 ஜூன் 30 அன்று ஏழு பேரைப் பலிகொண்ட மாபியாவின் கார்க்குண்டு. எனக்கு ஞாபகம் வருவது ஒரு துண்டுச்சீட்டு. அங்கே குடியிருக்கும் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியின் நாலு வயது மகனுக்கு மூன்றாம் முறையாக வலிப்பு வந்திருந்தது. வைத்தியர் எழுதித் தந்த சீட்டை நீட்டி, "அண்ணை, இதிலை சிக்கியாத்ரியா எண்டு கிடக்கு. என்ர பிள்ளைக்கு விசரோ?" என்று கேட்டாள்.

சீட்டில் இருந்தது 'நெவ்ரோப்சிக்கியாத்ரியா இன்ஃபன்டிலே'. குழந்தைகளின் நரம்பையும் மனத்தையும் சேர்த்துப் பார்க்கும் பிரிவு. அவனுக்கு வலிப்பு மட்டும் இல்லை. கடிக்கிறான், இரவில் நித்திரை கொள்கிறானில்லை, தாய் குசினிக்குப் போனாலும் அலறுகிறான். பெரியவர்கள் அதைக் குழப்படி என்றார்கள். வருத்தக்காரப் பிள்ளை என்று செல்லம் கொடுத்துக் கெடுத்துப்போட்டாய் என்று தாயை ஏசினார்கள். விசர் இல்லை என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால் அந்தச் சொல் அந்தச் சீட்டுக்கு வந்து சேர்ந்த கதை நீளமானது.

சிசிலியில் கிரேக்க நகரங்கள் செழித்திருந்த காலத்தில், கி.மு. 400ஐ ஒட்டி எழுதப்பட்டு ஹிப்போக்கிராட்டசின் பெயரில் வழங்கும் நூலொன்று, வலிப்பு தெய்வக் குற்றமல்ல, மூளையின் நோய் என்றது. இது பலருக்கும் தெரியும். அதே நூலில் பிள்ளைகளைப் பற்றி வரும் இடத்தை அதிகம் பேர் கவனிப்பதில்லை. வலிப்பு வரப்போவதை உணரும் பெரியவர், வெட்கத்தில் மறைவிடம் தேடுவார். சிறு பிள்ளைகள் முதலில் நின்ற இடத்திலேயே விழுவார்கள். பலமுறை வந்து பழகியபின் தாயிடமோ தெரிந்தவரிடமோ ஓடுவார்கள், பயத்தினால். குசினி வாசலில் அலறும் பையன் ஏறத்தாழ 2400 வருடங்களுக்கு முன்பே ஏட்டில் ஏறிவிட்டான்.

பிறகு வந்தவர்கள் அந்தப் பயத்தைப் பார்க்கவில்லை. 1884இல் நேபிள்ஸ் படைமுகாம் ஒன்றில் கலாப்ரியாவைச் சேர்ந்த மிஸ்தேயா என்ற சிப்பாய் தன் சக வீரர்களைச் சுட்டுக் கொன்றான். அவனுக்கு வலிப்பு இருந்தது. குற்றவியலாளர் செசாரே லொம்ப்ரோசோ அதை ஆதாரமாகப் பிடித்துக்கொண்டு, பிறவிக் குற்றவாளியின் அடித்தளமே வலிப்புநோய் என்று எழுதினார். இதே லொம்ப்ரோசோவின் வழிவந்தவர்கள்தான் தென் இத்தாலியரைத் தாழ்ந்த இனம் என்றும் எழுதினார்கள். சிசிலியில் வாழும் நாங்கள் அதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

எதிர்த்திசையும் இத்தாலியில்தான் தொடங்கியது. சாந்தே தெ சாங்க்திஸ் 1899இல் ரோமில் ஏழைக் குடும்பங்களின் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி திறந்தார். பகலில் வந்து பின்னேரம் வீடு திரும்பலாம். மனநோய் விடுதியில் அடைக்கத் தேவையில்லை. 1925இல் அவர் வெளியிட்ட நூலின் பெயர்தான் எங்கள் துண்டுச்சீட்டில் இருந்த சொல். போருக்குப் பின் ஜொவான்னி பொல்லேயா அதைத் தனி மருத்துவத் துறையாக வளர்த்தார். பல நாடுகளில் பிள்ளையின் மூளைக்கு ஒரு வைத்தியர், மனத்துக்கு இன்னொருவர். இங்கே இரண்டுக்கும் ஒரே கதவு. 1977இன் 517ஆம் சட்டம் தனி வகுப்புகளை ஒழித்து, இப்படியான பிள்ளைகளைப் பொது வகுப்பிலேயே உட்காரவைத்தது.

ஒரே கதவு ஏன் வேண்டும் என்பதற்கான எண்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. மைக்கல் ரட்டரும் சகாக்களும் வைட் தீவின் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1970இல் வெளியிட்டார்கள். பொதுவாக நூற்றுக்கு ஏழு பேரளவில் காணப்பட்ட மன, நடத்தைப் பிரச்சினை, மூளையைத் தொடாத மற்ற நீண்டகால நோயுள்ளவர்களில் 12 பேரளவில் இருந்தது. வலிப்புநோய் உள்ளவர்களிலோ, வேறு மூளைப்பாதிப்பு இல்லாதபோதும், 29 பேரளவில். ஆக, நோயாளிப் பிள்ளைக்குக் கிடைக்கும் செல்லத்தை மட்டும் காரணம் காட்டமுடியாது.

2001இல் அமெரிக்காவில் ஜோன் ஒஸ்ரினின் குழு இன்னொன்றைக் காட்டியது. முதல் வலிப்புக்கு முந்தைய ஆறு மாதங்களிலேயே மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளிடம் நடத்தைச் சிக்கல் தெரிந்திருந்தது. உடன்பிறந்தவர்களில் அது மிகவும் குறைவு. வலிப்பும் கோபமும் சில பிள்ளைகளில் ஒரே வேரிலிருந்து முளைக்கக்கூடும். இதைத் தமிழில் சொன்னபோதுதான் அவள் அழுதாள்.

மருந்துக்கும் பங்குண்டு. 1912இல் ஹவுப்ட்மன் அறிமுகப்படுத்திய பீனோபார்பிட்டால், காய்ச்சலோடு வலிப்பு வந்த குழந்தைகளுக்கும் பல ஆண்டுகள் தினமும் கொடுக்கப்பட்டது. 1990இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இரண்டு வருடம் அது எழுதிக் கொடுக்கப்பட்ட குழந்தைகளின் நுண்ணறிவு எண் சராசரி எட்டுப் புள்ளிகள் குறைந்திருந்தது. வலிப்போ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. சாதாரணக் காய்ச்சல் வலிப்பு பெரும்பாலும் தடயம் விடாமல் போய்விடும் என்பதை நினைத்தால் வயிற்றெரிச்சல்தான். இன்று பரவலாகக் கொடுக்கும் லெவெட்டிரசெட்டாமும் சில பிள்ளைகளை எரிச்சல்காரராக்கும். அதற்காக வீட்டில் தாங்களாகவே மருந்தை நிறுத்தினால் வலிப்பு மோசமாகத் திரும்பலாம். வைத்தியரிடம் சொன்னால் மாற்றித் தருவார். ஆனால் சொல்லவேண்டும், 'குழப்படி' என்று பெயர் வைத்துவிட்டால் சொல்லத் தோன்றாது.

அவள் சீட்டோடு போனாள். மொழிபெயர்க்க நானும் போனேன். வைத்தியர் வலிப்பைப் பற்றிப் பிறகுதான் கேட்டார். முதல் கேள்வி, பையன் இரவில் எத்தனை மணிக்கு நித்திரை கொள்கிறான், பக்கத்தில் யார் படுக்கிறார்கள் என்பது.