கல்லின் அகவையும் மலையின் அகவையும்: நீலகிரிச் சிர்க்கான் சான்று குறித்து ஒரு மறுவாசிப்பு

மேற்குத் தொடர்ச்சி மலை இமயத்தினும் மூத்தது என்ற முடிவோடு எனக்குப் பெரிய பிணக்கில்லை. 2012இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது யுனெஸ்கோவும் அப்படியே குறித்தது. ஆனால் அம்முடிவுக்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்று அதைத் தாங்கவில்லை என்பதே என் வாதம். நீலகிரியின் சார்னோக்கைட் பாறையிலுள்ள சிர்க்கான் என்னும் கனிம மணிகள் தரும் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு என்ற எண்ணை ஓர் ஆய்வு மரபு அந்த மலையின் அகவையாகவே கொள்கிறது. இமயத்துக்கு மட்டும், இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கிய சுமார் 5 கோடி ஆண்டை எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் வகுத்து, ஐம்பது மடங்கு மூப்பு என்கிறது.

சிர்க்கான் சொல்வது என்ன? யுரேனியம் ஈயமாக மாறும் கணக்கிலிருந்து, அந்த மணி எப்போது விளைந்தது என்று அறியலாம். அப்போது அது எங்கே கிடந்தது என்று அறிய முடியாது. அதற்கு உடனிருக்கும் கனிமங்களைக் கேட்க வேண்டும். மலைப்பாதைக்காக வெட்டிய நீலகிரிச் சரிவில் ஒரு துண்டை உடைத்துப் பார்த்தால், எண்ணெய் பூசினாற்போன்ற மினுக்கத்தோடு நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரியும். சில இடங்களில் சிவந்த கார்னெட் மணிகளும் தெறித்திருக்கும். அந்தக் கார்னெட்டும் அதே கல்லிலுள்ள பைராக்சின் கனிமமும் சேர்ந்து நிலைபெற 7 முதல் 9 கிலோபார் அழுத்தம் வேண்டும். அதாவது ஏறத்தாழ 25 கி.மீ. ஆழம், அல்லது அதற்கும் கீழே. ஆக, 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தக் கல் சிகரத்தில் இல்லை. புவிமேலோட்டின் அடியில் வெந்துகொண்டிருந்தது. இன்றைய மலை பிறந்த நாளாக மரபு படிக்கும் எண், அந்த மலையே இல்லாத ஒரு நாளின் எண்.

சென்னையிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். 1893இல் தாமஸ் ஹாலந்து சார்னோக்கைட்டுக்குப் பெயரிட்டது, கொல்கத்தாவில் உள்ள ஜோப் சார்னோக்கின் கல்லறைக் கல்லைக் கொண்டு. அதே இனக் கல்லின் மூல இடமாக நிலவியலார் கொள்வது பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளை. கல்லின் அகவையே மலையின் அகவை என்றால், சுமார் 300 அடிப் பரங்கிமலையும் 2,637 மீட்டர்த் தொட்டபெட்டாவும் ஏறத்தாழ ஒரே வயதுக்காரர்கள் ஆகிவிடும். இந்த அளவுகோலை இமயத்திலும் வைத்தால், அதன் தாழ்வரிசையில் 180 கோடி ஆண்டைத் தொடும் நைஸ் பாறைகள் இருக்கின்றன. எவரெஸ்ட் உச்சியின் சுண்ணாம்புக்கல் ஆர்டோவிசியன் கடலில் படிந்தது. ஒரு மலைக்குக் கல்லையும் மற்றொன்றுக்கு நிகழ்வையும் அளந்துவிட்டு ஒப்பிடுவது ஒப்பீடாகாது.

உயரத்தின் அகவைக்கு வேறு சான்று உண்டு. மகாபலேஸ்வரப் பக்கத்துச் செங்குத்துச் சரிவு சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முந்தைய தக்காண எரிமலைப் பாறையை அறுத்து நிற்கிறது. அறுபட்ட பாறையைவிட அந்தச் சரிவு மூத்ததாக முடியாது. கோவாவின் தாழ்நிலத்தில், செம்புரை மண்ணில் விளைந்த மாங்கனீஸ் கனிமங்களை ஆர்கான் முறையில் கணித்தபோது, பழையவை 4.7 கோடி ஆண்டை ஒட்டி வந்தன. அப்போதே அந்தத் தாழ்நிலம் வெயிலும் மழையும் பட்டுக் கிடந்தது என்றால், சரிவு அதற்குமுன்பே அதன் கிழக்கே விலகி நின்றிருக்க வேண்டும். கோவாவின் எண்ணை நீலகிரிக்கு அப்படியே ஏற்றிச் சொல்ல நான் துணியவில்லை; இரண்டுக்கும் பாறையும் வேறு, மேலெழுந்த வரலாறும் வேறாக இருக்கலாம். ஆனால் வட பகுதிக்காவது மேல்வரம்பும் கீழ்வரம்பும் கிடைத்துவிட்டன.

இது வெறும் சொற்சண்டை என்பாரும் உண்டு. 250 கோடிக்கும் 6 கோடிக்கும் உள்ள தொலைவு சொல்லில் இல்லை.

எஞ்சுவது இவ்வளவே. இமயத்தின் உயர்வரிசையை மேலே தள்ளிய பெரும்பிளவுகள் முனைப்பாக இயங்கியது சுமார் 2 கோடி ஆண்டுகளை ஒட்டி. உயரத்தை உயரத்தோடு ஒப்பிட்டாலும், வட பகுதியளவிலாவது, மேற்குத் தொடர்ச்சியே மூத்தது. ஆனால் அந்த மூப்பு சில கோடி ஆண்டுகள்தான். அதைக் காட்டுவதும் 25 கி.மீ. ஆழத்தில் விளைந்த சிர்க்கான் அல்ல, அடிவாரத்துச் செம்மண்.