வந்தேறி யாரு? ரத்தக் கணக்கும் கொங்கு மண்ணும்

2023 பிப்ரவரியில் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல் மேடையில் அந்தப் பேச்சு மறுபடி எழுந்தது: அருந்ததியர் விஜயநகர ஆட்சியில் தூய்மைப் பணிக்குக் கொண்டுவரப்பட்டவர்களாம். பழைய பேச்சுதான். 2009இல் 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோதும் சிலர் வீட்டுமொழியைக் காட்டித்தான் எதிர்த்தார்கள். உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'வந்தேறி' என்ற சொல் மட்டும் சாகவில்லை.

சரி, வந்தவர் கணக்கையே பார்ப்போம். பாலக்காட்டுக் கணவாய் வழியே காலங்காலமாக ஆள் நடமாடிய நாடு கொங்கு. நொய்யல் கரைக் கொடுமணலில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழ்ப் பெயரோடு பிராகிருதப் பெயரும் இருக்கிறது. வெள்ளலூரில் ரோமக் காசு கிடைத்தது. தேவாங்கர் வீட்டில் கன்னடம். பஞ்சாலை நாயுடுகள் வீட்டில் தெலுங்கு. அவர்கள் வரவையும் விஜயநகர, நாயக்கர் காலத்தோடுதான் சேர்த்துச் சொல்கிறார்கள். மில் முதலாளியை யாராவது வந்தேறி என்றாலும் டீக்கடையில் அவருக்குத் தனி டம்ளர் வைக்கப்போவதில்லை. வசவு ஒன்றுதான், விழுகிற இடம்தான் வேறு.

ரத்தத்தில் சாதி தேடுவது வெள்ளைக்காரன் தொடங்கியது. ரிஸ்லி மூக்கை அளந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் தர்ஸ்டன் தலையையும் மூக்கையும் அளந்து 1909இல் ஏழு தொகுதி போட்டார். அம்பேத்கர் 1948இல் அந்த வகை அளவுகளையே எடுத்து அவர்கள் வாதத்தைக் கவிழ்த்தார்: பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் வேறு வேறு இனமல்ல, தீண்டாமைக்கு இனம் காரணமல்ல.

மரபணு ஆய்வும் இங்கேதான் வந்து நிற்கிறது. ஐதராபாத் ஆய்வகத்தின் லால்ஜி சிங், தங்கராஜ், அமெரிக்காவின் டேவிட் ரைக் ஆகியோர் 2009இல் சொன்னது: இந்தியரில் மிகப் பெரும்பாலோர் இரண்டு பழங்கூட்டங்களின் கலப்பு, விகிதம்தான் கூடக்குறைய. 2013இல் 73 குழுக்களை ஆராய்ந்து காலமும் சொன்னார்கள். இன்றைக்கு 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை மேல்சாதி, கீழ்ச்சாதி, பழங்குடி எல்லாரும் கலந்தார்கள். பிறகு கலப்பு நின்றது, அகமணம் இறுகியது.

விஜயநகரம் எழுந்ததோ 1336இல். துங்கபத்திரைக் கரையிலிருந்து ஒருவன் நடந்து வந்திருந்தாலும், இங்கே இருந்தவனும் அவனும் அதே இரண்டு ஊற்றின் பிள்ளைகள்தான். மரபணு காட்டுவது சுவர் எழுந்த காலத்தை. சுவரைக் கட்டியது ரத்தமல்ல, மனுசன்.

இதை வைத்து 'நாங்கதான் ஆதி' என்று நாம் மார்தட்டினால் அதுவும் ரிஸ்லியின் அளவுகோல்தான், தோழர்களே. உரிமைக்கு உழைப்பே சாட்சி. கொங்கு மேட்டு நிலத்தில் கிணறில்லாமல் வெள்ளாமையில்லை. கவலை ஓட்டத் தோலைப் பதனிட்டுப் பறியும் தும்பியும் தைத்துக் கொடுத்தவன் மாதாரி. 1932இல் பைகாரா மின்சாரம் வந்தது. பம்புசெட் பரவப் பரவப் பறி போனது. தூய்மைப் பணிக்குக் கொண்டுவந்தார்களாம்! கோவையில் நகராட்சி வந்ததே 1866இல். அந்தக் கூடையையும் வாளியையும் கையில் திணித்தது எந்த ராயர்?

எப்ப வந்தேன்னு கேக்கறதை விடுங்க. அந்தப் பறியில ஏறுன தண்ணி பாஞ்ச காட்டுல, தச்சவனுக்கு எத்தனை செண்டு இருக்குது? அதைக் கேளுங்க.