பிளாஸ்டிக் உடன்படிக்கையும் ஒரு சொற்றொடரும்

கி.பி. 325இல் கூடிய நிசேயா சங்கத்தின் வரலாற்றைக் கற்றோர், ஒரு கிரேக்கச் சொல்லின் பொருட்டுத் திருச்சபை பல பத்தாண்டுகள் பிளவுற்று நின்றதை அறிவர். வெளியிலிருந்து நோக்குவோர்க்கு வீண்வாதமெனத் தோன்றிய அச்சொல்லில் விசுவாசத்தின் மையமே அடங்கியிருந்தது. பிளாஸ்டிக் மாசுபாட்டைக் குறித்து உலக நாடுகள் நடத்திவரும் வாதமும் அவ்வாறே ஒரு சொற்றொடரைச் சுற்றி நிற்கிறது.

தொடக்கத்தில் இச்சிக்கல் எழவில்லை. சார்காசோக் கடலின் மேற்பரப்பில் பிளாஸ்டிக் துகள்கள் மிதப்பதைக் கார்ப்பெண்டர், ஸ்மித் என்னும் அறிவியலார் 1972இல் வெளியிட்டனர். அவ்வாண்டே உருவான இலண்டன் உடன்படிக்கை, அழியாத பிளாஸ்டிக்கைக் கப்பலேற்றிச் சென்று கடலில் கொட்டுவதைத் தடை செய்தது. கப்பல்களின் அன்றாடக் குப்பையைப் பற்றிய மார்ப்போல் உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்போ, 1973இல் எழுதப்பட்டும் 1988 டிசம்பர் 31 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. நல்ல சட்டங்களே, ஆயினும் கடல்சேரும் பிளாஸ்டிக்கின் பெரும்பகுதி நிலத்திலிருந்தன்றோ வருகிறது! 2019இல் திருத்தப்பட்ட பாசல் உடன்படிக்கை, கலப்புப் பிளாஸ்டிக் கழிவை அனுப்புமுன் பெறும் நாட்டின் இசைவைக் கேட்கவேண்டுமென 2021 முதல் விதித்தது. இவை யாவும் எறியும் கையையே நோக்கின. செய்யும் ஆலையை நோக்கவில்லை.

கழிவாகாத பிளாஸ்டிக்கும் கேடு விளைவிக்கும் என்பதை, 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே தீப்பற்றிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் காட்டிற்று. அதிலிருந்து ஏறத்தாழ 1,680 டன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் சிதறின. அவை எவரும் வீசியெறிந்தவை அல்ல; ஆலைக்குச் செல்லவிருந்த மூலப்பொருள். கடற்கரைகள் வெண்மணிகளால் மூடுண்டன; மீன்பிடி தடைசெய்யப்பட, மீனவர் பிழைப்பிழந்தனர். தெளிந்த நீரைத் தான் குடித்தபின், எஞ்சியதைக் காலால் கலக்கும் கொழுத்த ஆட்டைப்பற்றி எசேக்கியேல் 34ஆம் அதிகாரம் பேசுவதை இங்கு நினையாதிருக்க இயலவில்லை.

2022 மார்ச் 2 அன்று நைரோபியில் கூடிய ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் பேரவை, ருவாண்டாவும் பெருவும் முன்வைத்த வரைவைப் பெரிதும் தழுவி, சட்டக் கட்டுப்பாடுடைய உடன்படிக்கை ஒன்றை வரையத் தீர்மானித்தது. அது பிளாஸ்டிக்கின் 'முழு வாழ்க்கைச் சுழற்சி'யையும் உள்ளடக்கவேண்டும் என்றது தீர்மானம். வாதம் இங்கேதான் தொடங்கிற்று. பிளாஸ்டிக்கின் வாழ்வு எங்கே தொடங்குகிறது? எண்ணெயிலும் எரிவாயுவிலும் என்றால், உற்பத்தியையே குறைக்கவேண்டும். அங்காடியில் என்றால், குப்பையைச் செவ்வனே அள்ளினால் போதும். எண்ணெய் வள நாடுகள் பல பின்னதையே வற்புறுத்தின. 2024இல் பூசானில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் யோசனையை ஆதரித்தும் முடிவு எட்டப்படவில்லை.

காரணம், 2023இல் பாரிசில் கூடியபோதே வெளிப்பட்டிருந்தது. கருத்தொற்றுமை கிட்டாவிடில் வாக்கெடுக்கலாமா என்பதிலேயே அங்கு இரு நாள்கள் கழிந்தன. கேள்வி தீர்க்கப்படாமலே ஒத்திவைக்கப்பட்டது. நிசேயாவில் ஆயர் இருவர் இறுதிவரை கையொப்பமிட மறுத்தும் அறிக்கை வெளிவந்தது. பேரரசனின் அழுத்தமும் அதற்குத் துணைநின்றது என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஜெனீவாவிலோ, 2025 ஆகஸ்டு 15 அன்று, இரவெல்லாம் பேசிய தூதுக்குழுவினர், இசைந்த வாசகம் ஏதுமின்றிக் கலைந்தனர்.